வெறும் வாய்வுதான் என்று சொன்ன நாட்கள்

மாணவிகளே, இந்த வருடம் நம் நர்சிங் வகுப்பில் நெஞ்சுவலிப் பாடத்தை என்னால் நின்று எடுக்க முடியாது. நடு நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். கையைத் தூக்கிப் பலகையில் எழுதக் கூடாது. கொஞ்சம் உரக்கப் பேசினால் மூச்சு வாங்குகிறது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் தச்சநல்லூர் வீட்டில், சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். நடுவில் அயர்ந்து தூங்கிவிடுகிறேன். எழுத்து திடீரென்று வேறு பக்கம் திரும்பினால் அந்த இடத்தில் நான் தூங்கியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தகத்தில் இருப்பதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். நான் எழுதப்போவது கட்டிலில் படுத்தவளின் பாடம்.

வழக்கமாக இந்தப் பாடத்தை எங்கள் ஊர்க் கால்வாயில் தொடங்குவேன். என் பிறந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். எங்கள் வயல் கடைமடை. அதாவது கால்வாய் எல்லா வயலுக்கும் பாய்ந்து முடித்துக் கடைசியாக வந்து சேரும் இடம். வாய்க்கால் தூர்ந்து தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். இதயமும் அப்படித்தான். உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்புகிற இதயம், தன் தசைக்கு வேண்டிய ரத்தத்தை மூன்று முக்கியக் குழாய்கள் வழியாக வாங்கிக்கொள்கிறது. அவற்றின் உட்சுவரில் வருடக்கணக்காகக் கொழுப்பு படிகிறது. பாதை குறுகுகிறது. சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. மாடி ஏறும்போது தசை கூடுதலாகக் கேட்கும், குழாயால் கொடுக்க முடியாது, அப்போது வலிக்கும். உட்கார்ந்தால் போய்விடும். இது ஆஞ்சைனா. உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தால், வலி அடிக்கடி வந்தால், நிலைமை மோசமாகிறது என்று பொருள். அந்தப் படிவில் விரிசல் விட்டு, அதன்மேல் ரத்தம் உறைந்து, பாதை அடைபட்டுத் தசை சாகத் தொடங்கினால் அது மாரடைப்பு.

இந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் வகுப்புக்கு வருவதற்கு முந்தைய சாயங்காலம் வீட்டில் ஒரு முறை ஒப்பிப்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், கூட்டத்தின் முன் பேசப் பயமாக இருக்கிறது என்றேன். என் கணவர், "என்னைய பிள்ளைகன்னு நெனச்சுக்கிட்டுச் சொல்லு" என்று உட்கார்ந்தார். பயம் போன பிறகும் வழக்கம் போகவில்லை. அவர் உரக்கடை வைத்திருக்கிறார். கடையிலிருந்து வந்து, கால் கழுவி, தோசையை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்பார். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார், வருடம் தவறாமல் அதே கேள்வி.

"கடைமடைக்குத் தண்ணி போகலேன்னா பயிரு எத்தனை நாளு தாங்கும்?"

"வயல்னா நாள் கணக்கு. நெஞ்சுன்னா மணிக் கணக்கு" என்பேன். தலையை ஆட்டிவிட்டு இன்னொரு தோசை கேட்பார்.

இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், எங்கள் வீட்டில் இந்த நோய் தெரியாதவர் யாரும் இல்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். ஐப்பசி தொடங்கியதிலிருந்து கல்லூரி மாடி ஏறினால் கீழ்த்தாடை வலித்தது. மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்தால் நின்றுவிடும். பல் என்று நினைத்தேன். பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு அவர்மேல்தான் சந்தேகம் வந்தது. மாடி ஏறினால் மட்டும் வலிக்கிற பல் என்று உங்களில் ஒருத்தி விடைத்தாளில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். தனக்கென்று வரும்போது படித்தது முன்னால் வந்து நிற்பதில்லை. கூடவே ஒரு அசதி. தூங்கி எழுந்தாலும் அசதி, குளித்தாலும் அசதி. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அசதி இருப்பதை யாரும் நோய் என்று எடுத்துக்கொள்வதில்லை, அவளும்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலி வந்தே தீர வேண்டும் என்றில்லை. தாடை, முதுகு, மேல்வயிறு, மூச்சு வாங்கல், வியர்வை, அசதி, இப்படி எந்த வாசல் வழியாகவும் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போல ஆரம்பித்தது. தாடைக்கு ஏறியது. அவர் சாப்பிட வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன கோமதி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்ல. வாய்வு."

ஆகவே அந்தச் சொல்லை முதலில் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். பிசான நெல் நடவு நேரம், கடையில் கூட்டம். அவரைப் பயமுறுத்த வேண்டாம் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் நெற்றி வியர்வை கீரைத்தட்டில் சொட்டியது. உட்கார்ந்திருக்கிறேன், மாடி ஏறவில்லை, வெயிலில் நிற்கவில்லை. அப்போதுதான் உள்ளே இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள்.

"எதுக்கும் ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துருவோம்" என்றேன்.

ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாய்வுதான், வாய்வாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கொடுத்த சொல்லையே எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு பையன் பெயர், வயது, அப்பா பெயர் என்று கேட்க ஆரம்பித்தான். உள்ளேயிருந்து வந்த சிஸ்டர் என்னைப் பார்த்ததும் அவனை ஒதுக்கிவிட்டுச் சக்கர நாற்காலியை இழுத்தாள். சகாய மேரி. நம் கல்லூரியில் படித்துப் போனவள், உவரிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. "பேரெல்லாம் பொறவு எழுதிக்கலாம், மொதல்ல ஈசிஜி" என்றாள். அந்த வலியிலும் எனக்கு அவளுக்கு மார்க் போடத் தோன்றியது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். நெஞ்சுவலி என்று வருகிறவரின் அப்பா பெயர் எங்கும் ஓடிப்போகாது.

தாளை அவள் கிழிக்கும்போதே தலைகீழாகப் படித்துவிட்டேன். சமமாக இருக்க வேண்டிய கோடு பல இடங்களில் கீழே இறங்கியிருந்தது. தசை ரத்தத்துக்குத் தவிக்கிறது என்று பொருள். பிறகு ரத்தம் எடுத்து ட்ரோபோனின் பார்த்தார்கள். இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கசிகிற ஒரு புரதம் அது. கசிந்திருந்தது. பெரிய அடி இல்லை, ஆனால் அடி விழுந்துவிட்டது. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்கள். குழாய்கள் விரிந்து நெஞ்சின் பாரம் இறங்கியது, ஆனால் மண்டைக்குள் உலக்கை போட்டு இடித்தது. 'இந்த மாத்திரையால் தலைவலி வரலாம்' என்று ஒரே வரியில் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது ஒரு வரி அளவுத் தலைவலி அல்ல. கொடுக்கும் முன் நோயாளியை உட்காரவோ படுக்கவோ வையுங்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். தலைவலி வரும், பயப்படாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு மேரி சொன்னாள். தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அவள் சொன்ன பிறகுதான் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் படுப்பது என்றால் வேலையில்லாமல் களைத்துப்போவது. விளக்கை அணைக்க மாட்டார்கள். விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் யாரோ செத்துப்போனது போல மெஷின் அலறும். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் ஊசி, வயிறெல்லாம் நீலம். பெட்பானில் உட்கார்ந்துகொண்டு, இதை எத்தனை அலட்சியமாக வகுப்பில் காட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். திரைச்சீலையை முழுவதும் இழுத்து விடுங்கள், பெண்களே. ஒரு கை அகலம் திறந்திருந்தால் அது மூடியதாகாது.

இன்னொன்று. "வலிக்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் "இல்ல" என்றுதான் சொல்லுவார்கள். அவர்களுக்கு அது வலி இல்லை. பாரம், இறுக்கம், கரிப்பு, "ஒரு மாதிரியா வருது." எங்கே, எப்போது தொடங்கியது, எங்கே பரவுகிறது, என்ன செய்தால் கூடுகிறது, எதில் குறைகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். வியர்வை பொய் சொல்லாது.

மறுநாள் ஆஞ்சியோகிராம். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை அனுப்பி, மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். மருந்து போகும்போது உடம்பெல்லாம் கதகதவென்று சூடு பரவும், சிறுநீர் போய்விட்டோமோ என்று கூச்சப்படுவீர்கள். போயிருக்காது. தலையைச் சற்றுத் திருப்பினால் திரை தெரிந்தது. கண்ணாடி இல்லாமலே பார்த்தேன். கறுப்புக் கோடுகள் ஓடி வந்து, ஓரிடத்தில் நூலாக மெலிந்து, மறுபடி தடித்தன. அடுத்த குழாயிலும் அப்படி. மூன்றாவது குழாய் பாதி வழியில் அறுந்தது போல நின்றது.

மூன்று குழாயிலும் அடைப்பு, கூடவே சர்க்கரை. இப்படிப்பட்டவர்களுக்குக் கம்பிவலைக் குழாய் வைத்து விரிப்பதைவிட பைபாஸ் அறுவைதான் பெரும்பாலும் நல்லது. காலிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் வேறு ரத்தக்குழாய் எடுத்து, அடைப்பைத் தாண்டிப் புது வாய்க்கால் வெட்டுவது. இதை நான் டாக்டரின் வாயைப் பார்க்காமலே முடிவு செய்துவிட்டேன்.

டாக்டர் என் பக்கம் குனிந்து, "ரெஸ்ட் எடுங்க மேடம், நான் வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். நான் யார், என்ன பாடம் எடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மேசையில் படுத்துவிட்டால் நாம் நம் வீட்டுக்காரரின் பொருளாகிவிடுகிறோம்.

சாயங்காலப் பார்வை நேரத்தில் என் கணவரும் என் தம்பி முருகனும் வந்தார்கள். தம்பி அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். இருவர் முகத்திலும் ஒரே மாதிரிச் சிரிப்பு, வெளியே நின்று ஒத்திகை பார்த்திருப்பார்கள். தம்பி பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தான். ஓமத்தண்ணீர்.

"வெறும் வாய்வுதானாம்க்கா. டாக்டரே சொல்லிட்டாவ. இதைப் பைய குடி, ஏப்பம் விட்டா சரியாயிரும்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, வாய்வுதான். மக பெங்களூருல இருந்து கேட்டா, அவகிட்டயும் அதான் சொன்னேன்" என்றார். சட்டை அழுக்கு. தாடி வளர்ந்திருந்தது. இரண்டு நாளாக வெளியே பெஞ்சில்தான் கிடக்கிறார் என்று மேரி சொல்லியிருந்தாள்.

மூன்று குழாய் அடைபட்ட நான், அந்த ஓமத்தண்ணீரை இரண்டு மடக்கு குடித்தேன். அவர்களுக்காக ஒரு ஏப்பமும் விட்டேன். தம்பியின் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒன்று, தெம்பில்லை. இன்னொன்று, வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பொய்க்குள் படுத்திருப்பது சுகமாக இருந்தது. அவர் எனக்காகப் பொய் சொல்கிறார், நான் அவருக்காக நம்புகிறேன். பார்வை நேரம் முடியும்வரை எங்கள் இருவருக்கும் நோய் இல்லை. மறுநாளும் ஓமத்தண்ணீர் வந்தது. மறுநாளும் குடித்தேன். சீக்கிரம் ஆபரேஷனுக்கு ஏற்பாடு நடக்கும், அப்போது தானாகத் தெரியவரும், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலை மேரி படுக்கை விரிப்பு மாற்ற வந்தாள். வழக்கமாகப் பேசிக்கொண்டே செய்வாள். அன்று ஒரே மூலையை இரண்டு முறை மடித்தாள்.

"என்னட்டி?" என்றேன்.

"மேம், நாளைக்கு உங்களுக்கு டிஸ்சார்ஜ்."

"யாரு சொன்னா?"

"சார்தான் கேட்டு வாங்கியிருக்காவ. ஆபரேஷன் வேண்டாம், மாத்திரையிலயே பாத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாவ. டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பாத்தாவ." குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டாவ மேம். நான் சரின்னு சொல்லல. தலையைத்தான் ஆட்டினேன்."

"பின்ன ஏன் இப்பச் சொல்லுத?"

விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எங்க ஊர்ல கடலுக்குப் போன வள்ளம் நேரத்துக்குத் திரும்பலேன்னா, அந்த வீட்டுக்குத்தான் மொதல்ல சொல்லுவாவ. அழுவாவன்னு மறைச்சா, தேடப் போறது யாரு மேம்?"

சொல்லிவிட்டு அழுக்கு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. பிறகு காரணம் நினைவுக்கு வந்தது, கோபம் அசதியாக மாறியது. அவருடைய அண்ணனுக்கு இதே அறுவைதான் செய்தார்கள், வேறு ஊரில். அண்ணன் தன் காலால் நடந்து உள்ளே போனார். என் கணவர் அவருடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருந்தார். அந்தச் செருப்பை அண்ணன் திரும்பப் போடவில்லை. அதற்குப் பிறகு என் கணவர் அந்த ஆஸ்பத்திரி இருக்கிற தெருப்பக்கம்கூடப் போனதில்லை.

ஆக நிலைமை இதுதான். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் ஒன்றும் தெரியாதவளாக இருந்தால் நாளை வீட்டுக்குப் போவேன். போய், மாத்திரை தின்றுகொண்டு, ஒருநாள் மாடிப்படியிலோ கீரைத்தட்டின் முன்னாலோ முடிந்துபோவேன். எனக்குத் தெரியும் என்று நானே சொல்லிவிட்டால், இரண்டு நாளாக என் முன்னால் சிரித்தபடி நின்ற மனிதர் தான் பார்த்ததெல்லாம் நாடகம் என்று உடைந்துபோவார். டாக்டரைக் கூப்பிட்டு நானே கையெழுத்துப் போட எனக்கு உரிமை உண்டு, அதுவும் தெரியும். ஆனால் பயந்துபோன ஆளை வெளியே பெஞ்சில் விட்டுவிட்டு உள்ளே நெஞ்சைத் திறந்து படுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படி ஒரு பெஞ்சில் இருந்துதான் அவர் ஏற்கெனவே ஒரு முறை செருப்போடு எழுந்து போனவர்.

அன்று சாயங்காலம் தம்பி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தான். அவர் மட்டும் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம், வாய்வெல்லாம் இறங்கிவிட்டதாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு உதவி செய்யணும்" என்றேன். "வர்ற வாரம் பிள்ளைகளுக்கு நெஞ்சுவலிப் பாடம் இருக்கு. படுத்துக் கெடந்ததுல எல்லாம் மறந்துபோச்சு. நீங்க ஒரு தடவை சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

"நானா?"

"வருசா வருசம் கேட்டியள்லா. சொல்லுங்க."

அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கட்டில் கம்பியை விரலால் தேய்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"நம்ம ஊர்க் கால்வா இருக்குல்லா. அது எல்லா வயலுக்கும் பாஞ்சு..." நிறுத்தினார். "நீ சொல்லுத மாதிரி எனக்கு வராது."

"வந்த வரைக்கும் சொல்லுங்க."

"கடைசியில கடைமடைக்கு வரும். வாய்க்கா தூர்ந்துபோனா மொதல்ல கடைமடைதான் காயும். நெஞ்சுக்கும் அதே மாதிரி மூணு வாய்க்கா. கொழுப்பு படிஞ்சு படிஞ்சு பாதை சின்னதாப் போவும். மாடி ஏறுனா வலிக்கும், உக்காந்தா விட்டுரும். உக்காந்து இருக்கும்போதே வலிச்சா..."

என் சொற்கள். நான் எங்கே மூச்சு விடுவேனோ அங்கே மூச்சு விட்டார். நான் எங்கே கையை ஆட்டுவேனோ அங்கே அவருடைய கையும் லேசாக எழுந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"உக்காந்து இருக்கும்போதே வலிச்சா?" என்றேன்.

அவர் என் போர்வையை இழுத்து விட்டார். அவருடைய கேள்வியை நானே கேட்டேன்.

"கடைமடைக்குத் தண்ணி போகலேன்னா பயிரு எத்தனை நாளு தாங்கும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். முதுகு குலுங்கியது. நான் கையை நீட்டினேன், ஊசி குத்தியிருந்த கை, எட்டவில்லை. அவரே பிடித்துக்கொண்டார்.

"நாள் கணக்கு இல்லேன்னு நீதான சொல்லுவ." மூக்கைத் துடைத்தார். "உனக்கு வாய்வு இல்ல கோமதி. மூணு வாய்க்காலும் அடைச்சுக் கெடக்கு. நெஞ்சைத் திறந்து ஆபரேசன் பண்ணணும்னு சொல்லுதாவ. நான் வேண்டாம்னுட்டேன்."

தெரியும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. திரையில் என் கண்ணால் பார்த்திருந்தேன், மேரி சொல்லியிருந்தாள், அதற்கு முன்பே ஈசிஜி சொல்லியிருந்தது. ஆனால் அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அவர் வாயால் கேட்டபோதுதான் அது எனக்கு வந்த நோய் ஆனது. முதல் முறையாகக் கேட்பவளைப் போலக் கேட்டேன். முதல் முறைதான். தேம்பித் தேம்பி அழுதேன், மெஷின் அலறியது, மேரி ஓடி வந்து பார்த்துவிட்டு, மெஷினை மட்டும் சரிசெய்துவிட்டுத் திரைச்சீலையை முழுவதும் இழுத்து விட்டுப் போனாள்.

"பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"எனக்கும்தான். அண்ணன் செருப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது."

"செருப்பை வீட்டுலயே விட்டுட்டுப் போறேன். நீங்க வெறுங்கையோட உக்காருங்க" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டாக்டரைத் தேடிப் போனார். கையெழுத்து நான்தான் போட்டேன். எனக்குக் கீழே அவரும் போட்டார்.

ரத்தத்தை இளக்குகிற மாத்திரையை நிறுத்தி, அதன் வேகம் உடம்பில் குறையும்வரை சில நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் அறுவையில் ரத்தம் நிற்காது. காத்திருப்பதே பெரிய வேலை. அறுவையைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, நான் அங்கே இல்லை. விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது, கை கட்டப்பட்டிருந்தது, தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். குழாய் இருக்கும்வரை நோயாளியால் பேச முடியாது, ஆனால் காது கேட்கும். அவர் தலைமாட்டில் நின்று உங்கள் வீட்டுக் கதை பேசாதீர்கள். எடுத்த பிறகு முதல் ஸ்பூன் தண்ணீர் கொடுக்கிறவளை அவர் சாகும்வரை மறக்க மாட்டார். பில்லைப் பற்றி எழுத இப்போது தெம்பில்லை, அதை நினைத்தால் தையல் இழுக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். என் கணவர் எனக்கு உண்மையைச் சொன்னதற்கு மறுநாள், பொய் முடிந்துபோனது தெரியாத தம்பி வழக்கம்போல ஓமத்தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றான். முகத்தில் அதே சிரிப்பு. "வாய்வு எப்படிக்கா இருக்கு?" என்றான்.

என் கணவர் அவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டார். "அவளுக்கு வேண்டாம் மாப்ள. எங்கிட்ட குடு. மூணு நாளா எனக்குத்தான் நெஞ்சைக் கரிக்குது." மூடியைத் திறந்து மடமடவென்று குடித்தார். தம்பி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். எல்லாம் விளங்கிப்போய்ச் சுவரோரம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தான்.

எனக்கு அந்த "நெஞ்சைக் கரிக்குது" காதில் நின்றுவிட்டது. அறுபது வயது ஆண், அண்ணனுக்கு இதய நோய், தூக்கமில்லை, வெறும் டீயில் ஓடுகிற வயிறு. மேரியைக் கூப்பிட்டேன். "எனக்கு ஒண்ணுமில்ல, வெறும் வாய்வு" என்று அவர் மறுத்தார். அந்தச் சொல்லைச் சொல்ல இந்தக் குடும்பத்தில் இனி யாருக்கும் அனுமதி இல்லை என்றேன். மேரி அவர் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப் போய் ஈசிஜி எடுத்தாள், ரத்தமும் பார்த்தார்கள். தாளைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கோடாக, இரண்டு முறை பார்த்தேன்.

வெறும் வாய்வுதான்.